மாசி மகத்தன்று கூடாத சபை

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் செவ்வந்திக்குக் கோபமே வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு அந்தக் குணம் சுத்தமாகப் பிடிக்காது. முதுகில் குத்துகிறவனிடமும் சிரித்துப் பேசுகிற பெண்பிள்ளையை நம்பி நான் வார்டு மெம்பராக உட்கார்ந்திருக்கிறேனே என்று பல நாள் எரிந்திருக்கிறேன். அந்த எரிச்சல் போன மாசியோடு தீர்ந்தது.

சாலவாக்கம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருளர்கள் குடிசை போட்டு வாழ்கிறார்கள். கரையைப் பலப்படுத்தப் போகிறோம், குடிசைகளை எடுங்கள் என்று உத்தரவு வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு எங்கே போவார்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நத்தம் புறம்போக்கு நிலம் சும்மா கிடக்கிறது. அதை அவர்களுக்கு வீட்டுமனையாகக் கொடுக்கலாம் என்று கிராம சபை தீர்மானம் போட்டால், மேலே பட்டாவுக்குக் கேட்கலாம். சும்மா கிடக்கிறது என்று சொன்னேன், அது முழு உண்மையில்லை. என் கணவரின் அண்ணன் முத்துவேல், என் மூத்தார், அங்கேதான் நெல் காயவைக்கிறார். பஞ்சாயத்தின் துணைத்தலைவரும் அவர்தான். அந்த இடத்தில் சிமெண்டுக் களம் போட வேண்டும் என்பது அவர் கொண்டுவந்த தீர்மானம்.

இரண்டையும் சபையில் வைப்போம், ஜனங்கள் சொல்லட்டும் என்று செவ்வந்தி சிறப்புக் கூட்டத்துக்குத் தேதி குறித்தாள். ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிறவர்களும் வரட்டும் என்று சனிக்கிழமையாகப் பார்த்து வைத்தாள். நோட்டீஸ் ஒட்டி, ஒன்றிய அலுவலகத்துக்கும் தகவல் போன பிறகுதான், இருளர்களுக்காக ஒரு சங்கத்தில் வேலை செய்யும் ஏஞ்சல் ஸ்கூட்டியில் பறந்து வந்தாள்.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்டீங்க? அன்னிக்கு மாசி மகம். ஏரிக்கரையில ஒரு ஜனம் இருக்காது."

இருளர்களுக்கு மாசி மகம் என்றால் மாமல்லபுரம் கடற்கரைதான். அன்றைக்குக் கன்னியம்மாள் கடலில் இருந்து வருவாள். மணலில் புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கி, பிள்ளைக்குப் பேர் வைப்பதும் பெண்ணுக்குத் தாலி கட்டுவதும் அவள் முன்னால்தான். செவ்வந்தி காலனிக்காரி. வேளாங்கண்ணிக் கொடியேற்றம் என்றைக்கு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வாள், இது அவளுக்குத் தெரியாது. என் மூத்தாருக்குத் தெரியும். அவர் வயலில் எலி பிடிக்கிற இருளர்கள் லீவு சொல்லிவிட்டுத்தான் போவார்கள். தேதியைப் படித்தபோது வாயில் கொழுக்கட்டை வைத்தவர் போல உட்கார்ந்திருந்தார். இருளர்கள் இல்லாமல் காலனி மட்டும் கை தூக்கினால் ஊர்த்தெருவை ஜெயிக்க முடியாது என்ற கணக்கு அவருக்கு.

செவ்வந்தி ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினாள். பார்வையாளராக அதிகாரி போட்டாயிற்று, கூட்டத்தை நடத்துங்கள் என்றார்கள். அவள் வராமல் இருந்தாலும் துணைத்தலைவர் நடத்திவிடலாம். திரும்பி வந்து என் வாசலில் நின்றபடியே, கடற்கரைக்குப் போயிருந்த அம்முலுவுக்குப் போன் போட்டாள். ஏரிக்கரைக்காரர்களுக்காக முன்னால் நின்று பேசுகிறவள் அம்முலு. அவள் மகளுக்குத்தான் அந்தச் சனிக்கிழமை விடியலில் கல்யாணம்.

"கல்யாணத்த வுட்டுட்டு வந்துடறோம் தலைவரே. மனை போயிடுச்சின்னா எங்க போயி நிப்போம்?" என்று அம்முலு சொன்னது எனக்கே காதில் விழுந்தது.

"வராத அம்முலு. தேதி வச்சது நானு. தப்பு என்னுது. பொண்ணு கழுத்துல தாலி ஏறட்டும், இத்த நான் பாத்துக்கறேன்."

இவள் என்னத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் நேரே காலனிக்குப் போனாள்.

சனிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஷாமியானா போட்டிருந்தது. ஊர்த்தெரு ஜனம் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். காலனி ஜனமும் வந்தது, ஆனால் உள்ளே வரவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் புளியமரத்தடியில் ஆணும் பெண்ணுமாக நின்றார்கள். செவ்வந்தி தன் நாற்காலியில், கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தாள். எங்கள் சபைக்குக் கோரம் நூறு பேர். அத்தனை பேர் கையெழுத்துப் போட்டு உட்காராவிட்டால் எந்தத் தீர்மானமும் செல்லாது.

அதிகாரி மரத்தடிக்கே போய், "ஏன் நிக்கிறீங்க, வந்து உட்காருங்க" என்று கூப்பிட்டார்.

காலனியில் மூத்தவரான பாண்டுரங்கன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "இங்க நெழலா கீது சார்."

கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நூறு நாள் வேலைக்கான பணிகளுக்கும் அன்றைய சபைதான் ஒப்புதல் தர வேண்டும். அறுவடை முடிந்து கூலி இல்லாத நேரம். கூட்டம் நடக்காவிட்டால் முதலில் வயிறு காய்வது அந்த மரத்தடியில்தான். யாரோ கடற்கரையில் தாலி கட்டிக்கொள்வதற்காகத் தங்கள் அடுப்பில் தாங்களே தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு பெரிய மனசை நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை. பொறாமையாகக்கூட இருந்தது.

மூத்தார் சும்மா இருப்பாரா? வீடு வீடாக ஆள் அனுப்பினார். படுத்திருந்தவன், குளித்துக்கொண்டிருந்தவன், நாஷ்டா தின்றுகொண்டிருந்தவன் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். இன்னும் நாலைந்து பேர் போதும் என்று செயலர் சொன்னபோது வருகைப் பதிவேடு என் மடிக்கு வந்தது. பேனாவைத் திறந்தேன். செவ்வந்தியைப் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கெஞ்சவும் இல்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்தேன்.

"இன்னா பவளம், எங்க போற?" என்றார் மூத்தார்.

"நெழலுக்கு, மாமா."

ரோட்டைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் தெரு ஆண்டாளம்மாள், அவளோடு இன்னும் சில பெண்கள். பாண்டுரங்கன் நகர்ந்து எங்களுக்கு இடம் விட்டார். கோரம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரி ஜீப் ஏறினார்.

வீட்டில் எனக்குக் கிடைத்த பேச்சு தனிக் கதை. அதை விடுங்கள்.

ஒத்திவைத்த கூட்டத்துக்கு இருளர்கள் ஷாமியானா கட்டும் முன்பே வந்துவிட்டார்கள். அம்முலுவின் மகள் புது மஞ்சள் கயிறோடு முன்வரிசையில் இருந்தாள். காலனி ஜனமும் உள்ளே வந்து உட்கார்ந்தது. செவ்வந்தி வீட்டுமனைத் தீர்மானத்தை முதலில் எடுத்தாள். அம்முலு எழுந்தாள்.

"தலைவரே, மொதல்ல காலனியோட நூறு நாள் வேலைய எழுது. எங்களால வேலயில்லாம கீறாங்க. எங்க மனை அப்பால."

வேலைக்கு ஒப்புதல் ஆனதும் மூத்தார் தன் ஆட்களோடு எழுந்து போய்விட்டால்? காலனி ஜனமும் காரியம் முடிந்தது என்று கலைந்துவிட்டால்? ஏரிக்கரையை மட்டும் நம்பிக் கோரம் நிற்குமா? செவ்வந்திக்கும் அது தெரியும். "யோசிச்சித்தான் சொல்றியா?" என்று கேட்டாள்.

"யோசிக்க இன்னா கீது? காலனி ஜனம் மரத்தடில நின்னப்ப யோசிச்சிதா?"

செவ்வந்தி காலனி வேலையை எடுத்தாள். அது ஒப்புதலானதும், நினைத்தது போலவே மூத்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். கூடவே சிலர் எழுந்தார்கள். அவர் என்னையும் பார்த்தார். நான் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஆண்டாளம்மாளும் அசையவில்லை. காலனி வரிசையில் ஒருவர்கூட எழவில்லை. போனவர்கள் போக, சபை நிறைந்தே இருந்தது.

"ஏரிக்கரை குடும்பங்களுக்கு வீட்டுமனை. சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்று செவ்வந்தி படித்தாள். அவள் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன்.

முதலில் எழுந்த கை பாண்டுரங்கனுடையது. பிறகு எல்லாக் கையும். அம்முலு மட்டும் தூக்கவில்லை. முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். அவள் மகள்தான் அம்மாவின் கையைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினாள்.