பொம்மையின் தொண்டை

அந்தக் குழாய்க்காரனுக்குக் கை சும்மா இருக்காது. எங்கே எது அடைத்தாலும் உள்ளே எதையாவது விட்டுக் குத்தித் தள்ளியாக வேண்டும். பதினைந்து வருடத் தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. போன மாதம் அவனுடைய பத்து மாதக் குழந்தை காகிதத்தை வாயில் போட்டுக்கொண்டபோதும் அதே கைதான் போயிற்று. விரலை விட்டுக் குடைந்ததில் ஈறில் ரத்தம் வந்துவிட்டது. அன்றோடு மனைவிக்கு அவன்மேல் இருந்த நம்பிக்கை போயே போயிற்று.

இப்போது அவளுக்குத் தையல் கம்பெனியில் காலை ஷிப்ட் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். இவனுக்கு வேலை மதியத்துக்கு மேல்தான். காலையில் பிள்ளையை இவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் இருந்த சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது; ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். இவனை நம்பிப் பிள்ளையை விட்டுவிட்டுப் போனால் ஊசியில் நூல்கூடக் கோக்க வராது என்றாள். ஞாயிறு காலை குழந்தைகள் மையத்தில் பெற்றோருக்கு இலவசமாக முதலுதவி சொல்லித்தருகிறார்கள், போய்க் கற்றுக்கொண்டு வரட்டும், இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

போனான். பதினோரு அம்மாக்கள், நடுவில் இவன் ஒருத்தன். கூச்சத்தில் கதவோரம் உட்கார்ந்தவன் பத்தே நிமிஷத்தில் முன்வரிசைக்கு வந்துவிட்டான். குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டுத் தலையைத் தாழ்த்தி, முதுகில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பிறகு திருப்பி, நெஞ்சில் இரண்டு விரலால் ஐந்து அழுத்து என்று நர்ஸ் காட்டினாள். ஏன் ஐந்து, ஆறு ஆகாதா? தலை ஏன் கீழே? குண்டுக் குழந்தையானால்? இவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நர்ஸ் பொறுமைசாலி. வேறொருத்தியாக இருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பாள்.

இவன் முறை வந்தது. பொம்மையின் தொண்டையில் ஒரு பஞ்சுத் துண்டு. அடைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாதபோது விரலை விடக்கூடாது என்று நர்ஸ் அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். காதுக்கு எட்டியது கைக்கு எட்டவில்லை. விரல் போயிற்று, பஞ்சு எங்கோ உள்ளே இறங்கிவிட்டது. இருந்ததே ஒரு பொம்மை. அம்மாக்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இவனுக்கு மானமே போயிற்று.

நர்ஸிடம் அனுமதி கேட்டு, சட்டைப்பையிலிருந்த திருப்புளியால் பொம்மையின் மார்பைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்னக் குழாய், அதன் முனையில் ஒரு பை. வெட்கமெல்லாம் பறந்துவிட்டது.

"குழாயில அடைப்பைத் தள்ளினா சாக்கடைக்குப் போயிடும் சிஸ்டர். இது எங்க போகும்?"

"இந்தப் பைதான் நுரையீரல்ணே. அதுக்கு மேல போக வழி கிடையாது."

அவன் பையை மெல்ல ஓர் அமுக்கு அமுக்கினான். பஞ்சு பொம்மையின் வாயிலிருந்து தெறித்து ஓர் அம்மாவின் மடியில் விழுந்தது. இருமலும் இதே வேலையைத்தான் செய்கிறதா என்று கேட்டான்.

"அதேதான். சத்தமா இருமுற வரைக்கும் தொடாதீங்க. சத்தம் நின்னா உடனே தட்டுங்க, ஒருத்தரை ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லுங்க."

அந்தப் பையை இன்னும் ஏழெட்டுத் தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். பொம்மையை உடைத்ததற்குப் பெயர் படிப்பா என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சோதனை வந்தது. மறுநாளைக்குத் துணி தேய்த்துக்கொண்டிருந்தவள், சிணுங்கிய பிள்ளையிடம் ஓர் ஆப்பிள் துண்டைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை முகம் சிவந்து இருமத் தொடங்கியது. இவன் ஓடிவந்து எதிரே மண்டியிட்டான். அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தான்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரும்பினாள். பெற்ற பிள்ளை திணறுகிறது, இந்த மனுஷன் டிவி பார்ப்பதுபோல் உட்கார்ந்திருக்கிறானே! பாய்ந்து வந்து பிள்ளையின் வாய்க்கு விரலைக் கொண்டுபோனாள். அவன் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.

"விடுங்க, பிள்ளை போயிடும்."

"சத்தம் வருதுல்ல, கேளு. அதுவே தள்ளுது."

அவன் விரலும் உள்ளே போகத்தான் துடித்தது. பிள்ளை இருமியது, மறுபடி இருமியது, கடைசியாக ஒரு பெரிய இருமல். துண்டு தரையில் விழுந்தது. வீறிட்டு அழுத பிள்ளையை வாரி எடுத்து, மூச்சு சீராக வருகிறதா என்று மார்பில் காது வைத்துக் கேட்டான். போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

அவள் துண்டைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. நான் விரலை விட்டிருந்தால் உள்ளே போயிருக்கும் இல்லையா என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வராமல் அவன் தலையாட்டினான். உடைந்து அழுதாள்.

"காலையில நீங்க பாத்துக்குவீங்க. மதியத்துக்கு மேல நான்தானே இவகூடத் தனியா இருக்கணும்."

அந்தப் பயம் இதுவரை அவனுக்குத் தோன்றவே இல்லை. பிள்ளையைப் பாயில் விட்டான். சின்னத் தலையணையை எடுத்து அவளுடைய முன்கையில் குப்புறப் போட்டு, ஒரு முனையைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் தாழ்த்த வேண்டும் என்று கேட்டாள்.