புளிக் கிடங்கு

விடியும் முன்னே முதல் பஸ்ஸைப் பிடித்து, மலையேறி, மூச்சு வாங்கப் பள்ளிக்கூடத்தைத் திறந்தாள் சாந்தாமேரி டீச்சர். மணியடித்தும் பெஞ்சுகள் காலி. ஒரு வாரமாக இதே கதைதான். போன வாரம் அவள் எழுதிய ஆங்கிலப் பாடம் கரும்பலகையில் அப்படியே கிடந்தது. யாருக்காக இந்த உழைப்பு, பேசாமல் வாணியம்பாடி ஷூ கம்பெனிக்கே வேலைக்குப் போய்விடலாமா என்று மனசு வெறுத்துப்போயிற்று.

ஓடைப்பக்கம் பள்ளித் தாளாளரின் புளிக்களத்தில் டொக் டொக்கென்று சத்தம். போய்ப் பார்த்தாள். பெண்கள் குந்தியிருந்து புளி தட்ட, அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வசந்தியின் நகக்கண்ணெல்லாம் புளி அரித்துப் புண்ணாகியிருந்தது.

"இன்னா கெங்கம்மா, பெத்த பொண்ணை இப்படிப் பண்ணலாமா?"

"நான் இன்னா பண்ணட்டும் டீச்சர்? புள்ளைங்களையும் இட்டுக்கினு வந்தாத்தான் வேலைன்னுட்டாரு உங்க தாளாளரு."

சாந்தாமேரி வசந்தியின் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "பசங்க வராத பள்ளிக்கூடம் எதுக்கு, மூடிட்டு அதைக் கிடங்காக்கி புளி மூட்டை அடுக்கப் போறேன்னு நேத்து எங்கிட்ட சொன்னவரும் அவருதான்."

தட்டுகிற சத்தம் நின்றது. கெங்கம்மாள் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டுவிட்டு மகளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் எழுந்தார்கள்.

புளி மூட்டை வண்டியோடு தாளாளர் வந்தபோது, பிள்ளைகளை வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, பெண்கள் பள்ளிக்கூட வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"வேலை வேணாமா உங்களுக்கு?"

"வேணுங்க. புள்ளைங்களும் படிக்கணுங்க," என்றாள் கெங்கம்மாள்.

"மலைப் பசங்களுக்கு இங்கிலீஷ் எதுக்கு?"

"உங்க பையன் கான்வென்ட்ல எதுக்குப் படிக்கிறானோ அதுக்குத்தாங்க," என்றாள் டீச்சர்.

"நாளைலேர்ந்து உனக்கு வேலை இல்லை."

"இன்னிக்கு இருக்குதுங்களே," என்று அவள் வகுப்புக்குள் போனாள். வருகைப் பதிவேட்டை எடுத்தாள். வாசலில் இருந்தவர்களுக்குப் பயம்தான். சாயங்காலம் உலை வைக்க யார் வீட்டிலும் ஒன்றுமில்லை.

டீச்சர் பெயர் கூப்பிட்டாள். "பிரசன்ட் டீச்சர்," என்றாள் வசந்தி.

கெங்கம்மாள் திரும்பினாள். "அப்படின்னா இன்னா டீச்சர்?"

"வந்திருக்கேன், இங்கதான் இருக்கேன்னு அர்த்தம்."

கெங்கம்மாள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு தாளாளரை நேருக்கு நேர் பார்த்து, வாழ்க்கையில் முதல் இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னாள்.

"பிரசன்ட்."

பக்கத்திலிருந்த செல்லியம்மாளும் சொன்னாள். அவளுக்கு அடுத்தவளும் சொன்னாள். மூட்டைகள் வண்டியிலேயே இருந்தன.