அக்கா மணி பார்க்காத நேரம்

1

என் அக்கா ஒருநாள் "தெரியல" என்று சொன்னாள். இந்தக் கதை பிறந்தது அதனால்தான். அவள் மயக்க மருந்து டாக்டர். இருபத்தாறு வருடமாக மனிதர்களைத் தூங்கவைத்து எழுப்புகிறவள். மிக்சி ஏன் ஓடவில்லை என்பதிலிருந்து அத்தானின் முதுகுவலி வரை எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் வரும். சாமி பேச்சு எடுத்தால் மட்டும் ஏதோ வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவாள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'ஆபரேஷன் தியேட்டரின் பச்சை ஒளியில் மரணம் ஒரு' — வேண்டாம். அக்கா படித்தால் காதைத் திருகுவாள். தியேட்டரில் இருப்பது வெள்ளை வெளிச்சம்.

2

நடந்தது இது. ஒரு தையல்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒன்பதுக்கு ஆரம்பித்துப் பத்தரைக்கு முடிந்தது. கால் மணி நேரத்தில் விழிக்க வேண்டியவர் விழிக்கவில்லை. மூச்சு, நாடி எல்லாம் சீர். சர்க்கரை சரி. மருந்தை முறிக்கும் ஊசி போட்டாள். தலையை ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. மூத்த டாக்டர்கள் இருவர் வந்து உதட்டைப் பிதுக்கினார்கள். மதியம் ஒரு மணி ஆயிற்று. அக்கா தான் கொடுத்த ஒவ்வொரு மருந்தின் அளவையும் மூன்று முறை சரிபார்த்தாள். ஒரு தவறு கிடைத்தால்கூட நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியதாம். கிடைக்கவில்லை.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மயக்க மருந்து, 'நான்' என்று நினைக்கிற அந்த ஒன்றை எப்படி அணைக்கிறது என்பது இன்னும் முழுசாக யாருக்கும் தெரியாதாம். "தெரியாமயேவா இத்தனை பேரைத் தூங்கவெச்சே?" என்றேன். "வேலை செய்யுதுன்னு தெரியும்டா. எப்படின்னுதான் தெரியாது.")

3

வெளியே பெஞ்சில் தையல்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"எப்ப எழுந்திருப்பாரு டாக்டரம்மா?"

சமாளிப்பதற்கு அக்காவிடம் பத்துப் பதிலாவது இருந்திருக்கும்.

"தெரியலம்மா. முடிஞ்சதெல்லாம் பாத்துட்டேன். ஏன்னு புரியல."

அந்த அம்மா கதறி அழுதார் என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் அழவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்.

"உக்காருங்க. காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்கீங்க. உங்களுக்குத் தெரியாதது மேல இருக்கறவனுக்குத் தெரியும். நான் கேட்டுட்டிருக்கேன். நீங்களும் கேளுங்க."

அக்கா உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் அதையே சொன்னாளாம். எனக்குத் தெரியல. திரும்பத் திரும்ப அது மட்டும். தோற்றுப்போன உணர்வு வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. முதன்முதலாகக் கடலைப் பார்க்கிற குழந்தை வாயடைத்து நிற்குமே, அப்படி இருந்ததாம்.

4

தையல்காரர் விழித்தார். நர்ஸ் ஓடிவந்து சொன்னபோது அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு அடம்பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் அவ்வளவு நேரம் தூங்கினார் என்பது இன்றுவரை பிடிபடவில்லை.

எனக்கு ஒரே ஒரு விவரம் வேண்டியிருந்தது.

"நீ கண்ண மூடினதுக்கு அப்புறம் முழிச்சாரா, முன்னாடியேவா?"

"நான் மணி பாக்கலடா."

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாடியைக் குறித்துவைத்தே பழகியவள் சொல்கிறாள்.

"அப்புறம்னா ஒரு கதை, முன்னாடின்னா வேற கதை" என்றேன்.

"உனக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணுதான். அவர் முழிக்காமலே போயிருந்தாலும் நான் அதே பெஞ்சுல உக்காந்து அதையேதான் சொல்லியிருப்பேன்."

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வேண்டுதல் பலித்தது. மற்றதில் எல்லாம் தற்செயல். இரண்டிலும் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கிழித்துப்போட்டேன்.

5

மறுநாள் காலை ஆபரேஷனுக்கு வந்த முதல் ஆள் ஓர் ஓவிய ஆசிரியை. மேஜையில் படுத்தபடி, "டாக்டர், தூங்கினா நான் எங்க போவேன்?" என்று கேட்டாராம். அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். ஆசிரியை லேசாகச் சிரித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

என்ன சொன்னாள் என்பதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. புனைந்துவிடலாம், அதுதானே என் பிழைப்பு. ஆனால் கை எழவில்லை. அந்த மேஜையில் படுத்திருப்பது நீங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. உங்கள் கை அவள் கைக்குள் இருக்கிறது.

அவள் குனிகிறாள்.