பழைய பிரஸ்ஸின் குற்றம்

நாற்பத்தேழாவது தோட்டாவை அளந்தபோதும் அதே எண்தான் வந்தது. சத்யபாமா அதைத் தாளில் எழுதிவிட்டு நாற்பத்தெட்டாவதை எடுத்தாள். எதிரே நீள மேசையில் இரண்டு பிரஸ்கள் அருகருகே முடுக்கப்பட்டிருந்தன. ஒன்று, துப்பாக்கி சுடும் கழகம் ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கும் வார்ப்பிரும்பு; பச்சைப் பெயின்ட் உதிர்ந்து, பிடி மட்டும் கைபட்டுக் கைபட்டுப் பளபளத்தது. மற்றது போன மாதம் பாங்காக் வழியாக வந்த அலுமினியம். சிவப்பு நிறம், ஒரு கையால் தூக்கிவிடலாம். இரண்டும் செய்வது ஒரே வேலைதான். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்து நிரப்பி, புதுக் குண்டு பதித்து, மறுபடியும் சுடத் தக்க தோட்டாவாக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் அச்சு. அச்சுகளெல்லாம் மேலே வட்டமான தலையொன்றில் பொருந்தியிருக்கும். பழையதில் அந்தத் தலையைக் கையால் திருப்ப வேண்டும். புதியதில் பிடியை இழுத்துவிட்டால் தானாகவே திரும்பிக்கொள்ளும்.

எது வேண்டும் என்று முடிவு செய்ய நிர்வாகக் குழு ஓர் அறிக்கை கேட்டிருந்தது. இரண்டிலும் நூறு நூறு தோட்டா செய்து பார்ப்பது மாரிச்சாமியின் வேலை. அளந்து எழுதுவது சத்யபாமாவின் வேலை. கழக அலுவலகத்தில் அவள் பதினெட்டு வருடமாக எழுத்தர். மாரிச்சாமி அவளுக்கு முன்பே வந்தவர். சுடுமிடத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் மனைவி சொர்ணம்மாளோடு குடியிருந்தார். பர்மிய ஊரான இன்சீனில், வேலை நேரத்தில் தமிழ் பேசுவதற்குச் சத்யபாமாவுக்கு இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"வேகமாத்தான் ஓடுது தாயி, இல்லேங்கல" என்றார், புதியதின் பிடியை இழுத்தபடி. "ஆனா எது உள்ள போச்சு, எது போகலன்னு கைக்குத் தெரிய மாட்டேங்குதே. அந்தக் கெழவன்ல கையிலயே தெரியும்."

"அதையும் எழுதிடறேன் அண்ணே."

"எழுது. இன்னொண்ணும் எழுது. ஞாயித்துக்கெழமைக்கு வந்து சுடறது பதினஞ்சு பேரு. அதுல பாதிப் பேருக்குக் கண்ணு தெரியல. ஒரு நாளைக்கு ஆயிரம் தோட்டா யாருக்குன்னு எழுது."

அவள் சிரித்தாள். அதை எழுதவில்லை.

மூன்றாம் நாள் கணக்கு முடிந்தது. பழையதில் செய்த நூறும் ஒரே நீளம். புதியதில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் பிடித்தது. ஆனால் நான்கு தோட்டாக்கள் மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி இல்லாமலே வெளியே வந்திருந்தன, பதினோரு தோட்டாக்கள் நீளத்தில் முன்பின்னாக இருந்தன. சத்யபாமா கோடு போட்டு, இரண்டு பக்கமும் எண்களை நிரப்பி, கீழே தன் பெயரை எழுதினாள். அவள் பெயர் போட்டு ஓர் அறிக்கை குழுவுக்குப் போவது அதுதான் முதல் தடவை. அன்று காலை முகத்துக்குத் தனகாச் சாந்து பூசும்போதுகூட அதை நினைத்துக்கொண்டுதான் பூசினாள்.

செயலாளர் ஊ கின் ஸோ தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, குரலை உயர்த்தி அவள் கேட்டதில்லை. பர்மிய மொழியில் மெதுவாகச் சொன்னார்.

"வேகத்தைப் பற்றி எழுதியிருப்பது சரி. ஆனால் குழுவில் இரண்டு பேர் பழையதே போதும் என்கிறார்கள். அது ஆபத்து என்று நீ எழுதினால்தான் அவர்கள் வாயை மூடுவார்கள்."

"அதில் குறை ஒன்றும் தெரியவில்லை, ஸயா."

"எழுபது வருட இரும்பு. தலையில் ஆட்டம் இல்லாமலா இருக்கும்?" அவர் தாளை மேசையில் வைத்தார். "உன் தம்பிக்கு என்ன வயது?"

"முப்பத்தொன்று."

"கட்டாய ராணுவச் சேவைப் பட்டியலில் பேர் வந்துவிட்டதா?"

"அடுத்த குலுக்கலில் இருக்கிறது, ஸயா."

"கழகத்துக்கு அவசியமான ஊழியர் என்று நான் கடிதம் கொடுத்தால் உங்கள் வட்டார அலுவலகத்தில் ஏற்றுக்கொள்வார்கள். இதற்கு முன் இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்." அறிக்கையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார்.

தின்கன்ஜூனில் வீட்டுக் கதவை அவள் மூன்று முறை தட்டிய பிறகுதான் தம்பி சுந்தர் திறந்தான். பட்டியலில் பெயர் வந்ததிலிருந்து கைபேசி பழுதுபார்க்கும் கடையை மூடிவிட்டான். இரண்டு மாதமாகத் தெருவுக்கு வரவில்லை. ஒரே அறையில் நடந்து நடந்து கால் மெலிந்து, சவரம் செய்யாத முகத்தோடு, யார் மாடிப்படி ஏறினாலும் குளியலறைப் பக்கம் போய் நிற்பான். தாய்லாந்துக்குப் போகலாமென்று வைத்திருந்த பணத்தைத் தரகன் ஒருவன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அம்மா போனபோது சுந்தருக்கு ஒன்பது வயது. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியதிலிருந்து எல்லாம் சத்யபாமாதான். அவளுக்கு இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவாள் என்றதும் மறுபடி வரவில்லை.

"அக்கா, மறுபடியும் வந்தாங்க. கீழ் வீட்டுல கேட்டுட்டுப் போனாங்க" என்றான். தமிழில் ஆரம்பித்துப் பர்மிய மொழியில் முடித்தான். பயம் வந்தால் அவனுக்குத் தமிழ் பாதியில் நின்றுவிடும்.

மறுநாள் அவள் ஒன்பது எண்களை மாற்றினாள். மாற்றுவது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் அவளைக் கலங்கடித்தது. ஓர் ஐந்தை எட்டாக்கினாள், ஒரு மூன்றை அழித்தாள். கீழே, 'பழைய பிரஸ்ஸின் தலையில் ஆட்டம் உள்ளது. இயக்குவது பாதுகாப்பல்ல' என்று தட்டச்சு செய்தாள். ஊ கின் ஸோ படித்துவிட்டு, பேனாவால் இன்னொரு வரியைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார்: 'இயக்குபவரின் கவனக்குறைவால் இருமுறை மருந்தின் அளவு தவறியது.' அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இது நடக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். முந்தைய வரியும் நடக்காததுதானே என்று உடனே தோன்றியது. போய் உட்கார்ந்து அதையும் தட்டச்சு செய்தாள்.

மாலையில் மாரிச்சாமி அலுவலக வாசலில் வந்து நின்றார். கையில் எண்ணெய்த் துணி. பர்மிய மொழியைச் சரளமாகப் பேசுவார்; எழுத்து தெரியாது.

"முடிஞ்சிருச்சா தாயி? என்ன எழுதிருக்கேன்னு ஒருக்கா படிச்சுக் காட்டேன். சொர்ணம் கேட்டுக்கிட்டே இருக்கா."

அவள் தாளை எடுத்தாள். ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு, எதிரே இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டே, மனத்தில் இருந்த எண்களைப் படித்தாள். நூறும் ஒரே நீளம். புதியதில் நான்கு பழுது. பழையது உறுதியாக உள்ளது. கடைசியில், கேட்காமலேயே ஒரு வாக்கியம் சேர்த்தாள்: இயக்குபவர் அனுபவம் மிக்கவர். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் எண்ணெய்த் துணியைக் கையில் மடித்துக்கொண்டார்.

"என்னையும் எழுதிருக்கியா?" என்றார் கூச்சத்தோடு. "அது எதுக்குத் தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவர் நடையில் ஒரு நிமிர்வு இருந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை.

பத்து நாளில் உத்தரவு வந்தது. புதிய பிரஸ். மாரிச்சாமிக்கு வேலை இல்லை. மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பழைய பிரஸ்ஸைக் கழற்ற நான்கு ஆட்கள் பட்ட பாட்டை அவள் சன்னல் வழியாகப் பார்த்தாள். தலையை மட்டும் தனியாக எடுக்க முடியவில்லை. ஆணி துருவேறி ஒட்டிப் போயிருந்தது என்றார்கள். கடைசியில் மேசையோடு சேர்த்துப் பழைய இரும்புக்குப் போனது.

கிளம்பும் நாளில் சொர்ணம்மாளை, வீங்கிய காலோடு, வாடகை வண்டியில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு மாரிச்சாமி சத்யபாமாவிடம் வந்தார். த்வாண்டேயில் மகள் வீட்டுக்குப் போகிறார்களாம். மருமகன் என்ன சொல்வானோ என்றார். சத்யபாமா பை நிறையப் பழமும் மருந்தும் வாங்கி வைத்திருந்தாள். அதைக் கொடுத்தபோது அவள் தன் முகத்தைப் பார்க்காததை அவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

"நீ ஏன் கலங்குற? நீ உள்ளதைத்தான் எழுதின. படிச்சுக் காட்டினியே, என் காதால கேட்டேனே. அவங்க மதிக்கலன்னா நீ என்ன பண்ணுவ." பையை வாங்கிக்கொண்டார். "முப்பது வருசத்துல எனக்காக ஒருத்தர் எழுதினது அது ஒண்ணுதான்."

அவள் வாயைத் திறந்தாள். வண்டிக்காரன் கூப்பிட்டான். அவர் போய்விட்டார். இனி யாரிடமும் அதைச் சொல்ல முடியாது என்பது அப்போது உறைத்தது.

கடிதம் சொன்னபடி வந்தது. அதில் சுந்தரின் பெயருக்கு எதிரே பதவி என்ற இடத்தில் 'பிரஸ் இயக்குபவர்' என்று இருந்தது. அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சும்மா பெயருக்கு ஒரு கடிதம் என்றுதான் நினைத்திருந்தாள். அவன் நாளை முதல் வர வேண்டும், வெளியே போய்வருவது ஆபத்து, காலியான அறையிலேயே தங்கிக்கொள்ளட்டும் என்றார் ஊ கின் ஸோ. வட்டார அலுவலகத்தில் பட்டியலிலிருந்து சுந்தரின் பெயரை நீக்கினார்கள். அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. சொர்ணம்மாள் சாமிப் படம் மாட்டியிருந்த ஆணியில் தன் சட்டையை மாட்டினான். காலையிலிருந்து மாலைவரை பிடியை இழுத்தான். ஆயிரம் தோட்டா முடிந்தாலும் நிரப்ப வேண்டிய பெட்டிகள் குறையவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நம்பர் பலகை இல்லாத ராணுவப் பச்சை லாரி ஒன்று பின்பக்கக் கதவு வழியாக வந்தது. நிறைந்த பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, கூடுகள் கொட்டிய சாக்குகளை இறக்கிவிட்டுப் போனது. அலுவலகப் பதிவேட்டில் அது ஏறவில்லை. எழுத வேண்டாம் என்று அவளிடம் யாரும் சொல்லவுமில்லை.

மழை விட்ட ஒரு மத்தியானம் அவள் சோற்றுப் பாத்திரத்தோடு பின்பக்கம் போனாள். சுந்தர் அறை வாசலில் குந்தி, தண்ணீர் வாளியில் கூடுகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எதுக்குடா கழுவுற?"

"அழுக்கா வருதுக்கா. இப்படியே போட்டா அச்சு கெட்டுடும்."

வாளித் தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருந்தது. இங்கே சுடுமிடத்தில் சிமெண்டுத் தரை. கூடுகளைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவார்கள். மண் ஒட்டி அவள் பார்த்ததே இல்லை. சுந்தரும் அதை யோசித்திருக்கிறான் என்பது அவன் தலையை நிமிர்த்தாததில் தெரிந்தது.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் எதிரே உட்கார்ந்து ஒரு கூட்டை எடுத்தாள். உள்ளே ஏதோ அடைத்திருந்தது. கொண்டை ஊசியை எடுத்து மெல்லக் குடைந்தாள். ஈரமான வயல் மண்ணோடு ஒரு நெல் வெளியே வந்தது. நுனியில் வெள்ளையாக முளை விட்டிருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். எல்லாம் சிமெண்டு. சுந்தர் அடுத்த சாக்கின் வாயை அவிழ்த்தான்.