பியூலாவை விற்ற பணம்

லைல் ஹாப்வுட் கட்ட வேண்டியிருந்தது இருநூற்று எண்பத்தாறு டாலர் நாற்பது சென்ட். அசலும் வட்டியும் சேர்த்துத்தான். அதற்கு ஈடாக அவனுடைய துப்பாக்கி, ஒவ்வொரு வெடிக்கும் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் ரகம், கோடையிலிருந்து அடகுக்கடையின் பின்னறைக் கம்பிக் கூண்டில் கிடந்தது.

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை பணத்தோடு வந்து நின்றான். கல்லாவில் வெர்னா இருந்தாள். கடை அவள் அக்கா புருஷன் டுவெய்னுடையது.

"மொத்தமும் இருக்கு வெர்னா. எண்ணிக்கோங்க."

சொந்தத் துப்பாக்கியே ஆனாலும், அடகு வைத்துவிட்டால் மீட்கும்போது புதிதாக வாங்குகிறவனைப் போல அரசாங்கத்தைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். வெர்னா அவன் பெயரைக் கணினியில் ஏற்றினாள். மற்றவர்களுக்கு ஊற்றி வைத்த காபி ஆறுமுன்னே பதில் வந்துவிடும். லைலுக்குத் 'தாமதம்' என்று வந்தது.

"மூணு வேலை நாள் பொறுக்கணும்ப்பா. அதுக்குள்ள பதில் வரலேன்னா வெள்ளிக்கிழமை குடுக்கலாம்."

"வெள்ளிக்கிழமையா? பண்டிகைக்காக ஆலையில எல்லாருக்கும் வான்கோழி குடுக்குற நாளாச்சே." சிரித்தான். "சூப்பர்வைசர்லேர்ந்து எல்லாரும் முற்றத்துல வரிசையா நிப்பாங்க."

வான்கோழிக் கறி வெட்டும் அந்த ஆலையில்தான் கோடையில் அவனை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். வெர்னாவின் மகள் கெல்சி இன்னும் அங்கேதான் எலும்பு பிரிக்கிறாள்.

"பணம் ஏதுப்பா?"

"பியூலாவ ஹார்லனுக்கு வித்துட்டேன்."

பியூலா அவனுடைய வேட்டை நாய். அது இல்லாமல் அவன் காட்டுப்பக்கம் போனதே இல்லை. துப்பாக்கியை யாரிடமும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். கையில் பழகின நாயை இரவல் வாங்க முடியுமா? அதை விற்றுவிட்டுத் துப்பாக்கியை மீட்கிறவன் எந்தக் காட்டுக்குப் போகப் போகிறான்?

அவன் போனதும், துப்பாக்கியைக் கொடுக்க வேண்டாமென்று வெர்னா டுவெய்னிடம் சொன்னாள்.

"மூஞ்சி வாடினவன் துப்பாக்கியையெல்லாம் வச்சுக்கிட்டா நான் கடைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்," என்றார் அவர். "மூணு நாள் கழிச்சுக் குடுக்கலாம்னு சட்டமே சொல்லுது."

"குடுக்கலாம்னுதான சொல்லுது? குடுத்தே ஆகணும்னு சொல்லலையே."

"நீ எப்பலேர்ந்து வக்கீலான?"

போலீசுக்குப் போன் செய்தாள். மிரட்டினானா என்று கேட்டார்கள். இல்லை. அப்படியானால் எங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை லீவு போடச் சொன்னதற்கு, "நான் மட்டும் வீட்டுல உக்காந்துட்டா மத்தவங்க என்னம்மா பண்ணுவாங்க?" என்றாள் கெல்சி.

வெள்ளிக்கிழமையும் வந்தது. பதில் வரவில்லை. டுவெய்ன் வங்கிக்குப் போயிருந்த நேரம் பார்த்து லைல் உள்ளே வந்தான். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தான். அது இன்னும் பயமாக இருந்தது.

"நாள் ஆயிடுச்சு வெர்னா."

"பதில் வரலப்பா. வர்ற வரைக்கும் நான் குடுக்க மாட்டேன்."

"சட்டம் எனக்கும் தெரியும். டுவெய்ன் வந்தா குடுப்பார்." பணத்தை மேசைமேல் வைத்தான். "என்னைப் பாத்தா பயமா இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், "ஆமா," என்றாள். "என் மக அங்க இருக்கா லைல். அவ கை மரத்துப் போனப்போ தினம் அவ கத்தியையும் சேத்துத் தீட்டிக் குடுத்தவன் நீ."

வெர்னா நோட்டுகளை அவன் பக்கமே தள்ளினாள்.

"இந்தப் பணத்த எடுத்துட்டுப் போ. போய் பியூலாவ மீட்டுக்கிட்டு வா. கடன நான் ஏத்துக்கறேன். துப்பாக்கி இங்கயே கெடக்கட்டும்."

லைல் நோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"அது சரியா சாப்பிடறதே இல்லையாம். ஹார்லன் சொன்னான்," என்றான். துப்பாக்கி இனி தனக்கு வேண்டாமென்று அடகுச் சீட்டில் கையெழுத்துப் போட்டுத் தள்ளிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போனான்.

வெர்னா கண்ணாடியோரம் நின்று பார்த்தாள். தெரு முனையில் இடதுபக்கம் திரும்பினால் ஹார்லன் வீடு, வலதுபக்கம் ஆலை. வேறு துப்பாக்கி அவனிடம் இருக்காதென்று யார் கண்டது? வண்டி முனையில் நின்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். அப்புறம்தான் வண்டி இடதுபக்கம் திரும்பியது. அதற்குப் பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து ஹார்லனுக்குப் போன் போட்டாள். பியூலா விடாமல் குரைத்த சத்தத்தில் அவன் பேசியது சரியாகக் கேட்கவில்லை. அந்தச் சத்தமே அவளுக்குப் போதும்.

டுவெய்ன் வந்து துப்பாக்கியை எடுத்தார். நானூறு டாலர் விலை போட்டு முன்வரிசையில் மாட்டலாம் என்றார்.

"அது எனக்கு. கடன் தொகைய என் சம்பளத்துல வாரா வாரம் பிடிச்சுக்குங்க."

"துப்பாக்கி வச்சு நீ என்ன சுடப் போற? அடுப்புல கோழிய சுடவே உனக்கு வராது."

வெர்னா தன் பெயரைத் தானே கணினியில் ஏற்றினாள். அவள் காபியில் சர்க்கரை கரையுமுன்னே 'கொடுக்கலாம்' என்று வந்துவிட்டது. இவ்வளவு லேசா என்று அவளுக்குக் கை கூசியது.

மறுநாள் வெல்டிங் பட்டறையில் நின்று அதைத் துண்டு துண்டாக அறுக்க வைத்தாள். லைலைப் பற்றிக் கேட்டதற்கு அரசாங்கத்திடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. ஆலைப்பக்கம் சைரன் கேட்டால் இப்போதும் கையிலிருப்பதை வைத்துவிட்டு வாசலுக்குத்தான் ஓடுகிறாள்.

பனி விட்டபிறகு ஒரு சனிக்கிழமை, டுவெய்ன் சம்பளக் கவரை நீட்டினார். பிரித்து எண்ணினாள். லைலின் கடனுக்காக அந்த வாரம் பிடித்தது கடைசி ஆறு டாலர் நாற்பது சென்ட் மட்டுந்தான்.