கனகவல்லி வரும் வழி

1985 ஐப்பசியில் வெள்ளம் கொண்டுபோன கனகவல்லி, அதற்கப்புறம் பத்து வருஷம், ஏரி நிரம்பி வழிந்த நாளிலெல்லாம் தன் வீட்டுக்குத் தலைவாசல் வழியாக வந்து புழக்கடை வழியாகப் போனாள். முழங்கால் தண்ணீரில், கையில் அதே கிருஷ்ணாயில் டின்னோடு. தெருவுக்கே அது தெரியும்.

தாம்பரத்துக்கு மேற்கே அந்த மனையை விற்றவர் துளசிங்கம். ஏரியின் உபரித் தண்ணீர் அடையாற்றுக்கு ஓடிய கால்வாய் அது என்று, அங்கேயே நெல் விளைத்தவருக்குத் தெரியாதா என்ன? பங்குனி வெயிலில் காட்டினார். வெயிலில் எந்தக் கால்வாய்தான் மனையாகத் தெரியாது! மறைமலை நகரில் ஃபிட்டராக இருந்த வேதாசலம் அதை வாங்கி, வழக்கப்படி தலைவாசலுக்கு நேராகப் புழக்கடைக் கதவு வைத்து வீடு கட்டினார். தண்ணீர் போன அதே நேர்கோடு.

வெள்ளம் வந்த அன்று, புது மொசைக் தரை பாழாகுமே என்று இரண்டு கதவையும் சாத்தி மணல் மூட்டை அடுக்கினார். கிருஷ்ணாயில் வாங்க ரேஷன் கடைக்குப் போன மனைவி கனகவல்லி அங்கேயே ஒதுங்கியிருப்பாள் என்று நினைப்பு. அவளோ வந்து கதவைத் தட்டினாள். தண்ணீர்தான் மோதுகிறது என்று இன்னொரு மூட்டையைத் தூக்கி வைத்தார் மனுஷன். ஐயோ, அந்த மூட்டை அவர் நெஞ்சை விட்டு இறங்கவே இல்லை.

அதன்பின் மழைக்காலம் முழுக்க இரண்டு கதவும் திறந்தே கிடந்தன. தண்ணீர் வந்தது, அவளும் வந்தாள். நிற்க மாட்டாள். "சாப்ட்டியாய்யா?" என்பாள். "ஆச்சு" என்று அவர் பொய் சொல்வதற்குள் புழக்கடையைத் தாண்டியிருப்பாள். வரும்போதெல்லாம் ஒரு கூடத்து நீளம். அவ்வளவுதான் அவர்கள் குடித்தனம்.

1996இல் தெருவோரமாக சிமென்ட் கால்வாய் கட்டி, ஸ்லாப் போட்டு மூட வந்தார்கள். தெருவே குதூகலித்தது. வேதாசலம் மட்டும் இன்ஜினியர் சுப்ரமணியன் காலில் விழாத குறை.

"சார், தண்ணி என் வூட்டுக்குள்ள வரணும் சார்."

"உங்களுக்கு நல்லதுதானே அண்ணா செய்றோம்?"

நல்ல மனுஷன்தான். அவர் கையிலிருந்த வரைபடத்தில் கனகவல்லி இல்லை, பாவம் என்ன செய்வார்.

அந்த ஐப்பசியிலும் ஏரி வழிந்தது. கூடம் காய்ந்து கிடந்தது. மத்தியானம் வாசல் ஸ்லாபுக்கு அடியில் டின் இடிபடும் சத்தம். பிறகு அவள் குரல்.

"இன்னாய்யா, மறுபடியும் கதவ சாத்திகினியா?"

வேதாசலம் ஸ்லாபின் மேல் குப்புற விழுந்து கதறினார். "தொறந்துதான் கீது கனகா! உன் வழியத்தான் மூடிட்டானுங்க!"

தண்ணீர் நிற்குமா? பதில் கேட்காமலே போய்விட்டாள்.

அவர் இன்றுவரை கதவைச் சாத்தவில்லை. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் அந்த வீட்டில் புகுந்து புழக்கடை வழியாக வெளியேறுகிறார்கள், குறுக்கு வழி. ஐப்பசி பிறந்துவிட்டால் மட்டும், ஸ்லாபைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். கீழே அவள் தட்டினால் இந்த முறையாவது அவருக்குக் கேட்க வேண்டுமே.