கல்மழைக்கு முன்னால்

கனடாவின் சாஸ்கட்சுவனில் அறுப்புக் காலத்தில் ரோட்டில் கதிரறுக்கும் மெஷின் வந்தால் மற்ற வண்டிகள் ஓரம் கட்டிவிடும். அன்றைக்கு எங்களுக்காகக் கட்டின.

ஏலத்தில் எடுத்த மெஷினை அக்கா வெர்னா முன்னால் ஓட்டிப் போனாள். அதன் வெட்டுப்பகுதியைக் கழற்றி இழுவண்டியில் வைத்து, பிக்கப் வண்டியில் கட்டி நான் பின்னால் வந்தேன். வருஷா வருஷம் வாடகை மெஷினுக்குக் காத்துக் கிடந்த எங்களுக்கு இது சொந்தம். இருபுறமும் கோதுமை, நேரான சரளை ரோடு, போனில் அக்காவின் கூச்சல்.

"ஏண்டி டெல்மா, பின்னாலேர்ந்து பாக்க எப்படி இருக்கு?"

"உன்னையா, மெஷினையா? ரெண்டும் அகலம்தான்."

அவள் திட்டி முடிப்பதற்குள் நடுரோட்டில் ஒருவர் தொப்பியை ஆட்டிக்கொண்டு நின்றார். ஓரெஸ்ட் என்று பெயர் சொன்னார். அவருடைய மெஷின் வயல் நடுவே படுத்துவிட்டது. மேற்கே மேகம் கறுத்து, அடியில் பச்சை தட்டியிருந்தது.

"கல்மழை வருதும்மா. எனக்கு மிச்சம் இந்த ஒரு வயல்தான். கொஞ்சம் அறுத்துக் குடுங்களேன்."

நான் ஓடிப் போய் அக்காவின் ஏணியைப் பிடித்தேன். "நம்ம கைக்கு வந்து அரை நாள்கூட ஆகல. பாதியில நின்னுட்டா?"

"நின்னா அவரு மெஷினுக்குத் துணையா நிக்கட்டும். வெட்டுப்பகுதிய மாட்டலாம், வாடி!"

மூன்று பேரும் விழுந்தடித்து மாட்டினோம். அக்கா வயலுக்குள் இறங்கினாள். மெஷின் ஒரு தடவை உறுமியது. அப்புறம் கோதுமையை வாரி விழுங்க ஆரம்பித்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஓரெஸ்டின் லாரியை நான் அதன் பக்கத்திலேயே ஒட்டி ஓட்டினேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குழாய் வழியாகத் தானியம் லாரியில் கொட்டியது. பக்கத்து சீட்டில் ஓரெஸ்ட் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக்கொண்டு கத்தினார்.

"இன்னும் கிட்ட! சிந்துது பாரு! அய்யோ, அவ்வளவு கிட்ட வேணாம்!"

"நீங்களே ஓட்டுறீங்களா?"

"வேணாம், வேணாம்! நீயே ஓட்டு தாயே!"

காற்று திரும்பியது. சட்டென்று குளிர்ந்தது. கடைசி வரிசைக்கு அக்கா மெஷினைத் திருப்பும்போது முதல் கல் லாரியின் மூக்கில் விழுந்து தெறித்தது. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு உள்ளே பாய்ந்தோம். அக்கா நிறுத்தவில்லை. கல் சடசடவென்று கொட்ட, பாதி வரிசை வரை அறுத்தாள். அதற்கு மேல் அறுக்க ஒன்றும் நிற்கவில்லை. எல்லாம் மண்ணோடு படுத்துவிட்டது.

மழை விட்டதும் அக்கா இறங்கி வந்தாள். புது மெஷினின் நெற்றியெல்லாம் சொட்டை. என்ன சொல்வாளோ என்று பார்த்தேன். அவள் சொட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஓடுதுடி டெல்மா! என்னமா ஓடுது!"

ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தார். அது சேற்றில் போய் விழுந்தது. எடுத்து அப்படியே தலையில் மாட்டிக்கொண்டு, "சாப்பிடாம உங்கள விடமாட்டேன்" என்று வீட்டைப் பார்த்து ஓடினார்.